எண் நாற்பத்தேழு

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டுவதில்லை,
கதவோடு வந்துவிடும்.
தோளால் தள்ளிச் சாத்திவிட்டு
வரியில்லாக் கடைத்தொகுதியின் மூன்றாம் சந்தில்
எலெயுத்தேரியோவின் கடைக்குள் நுழைந்தேன்.
கோட்டின் உள்பையில் தொண்ணூறாயிரம் பேசோ.
நண்டு ஆலையில் பதினோரு இரவு
கூடுதல் நேரம் நின்ற காசு,
எண்ணினால் இன்னும் உப்பு வாடை.

"குரலுக்கு ஒரு பெட்டி வேண்டும்."
"எவ்வளவுக்குள்?"
சொன்னேன்.
அவன் முகத்தில் பரிதாபம் எதுவும் வரவில்லை.
அதற்காகவே அவனிடம் வருகிறேன்.

முதல் பெட்டியில் நூற்றிருபது குரல்கள்:
தேவாலயம், குகை, தொலைபேசி, ரோபோ,
'மென்கனவு' என்றுகூட ஒன்று.
ஹார்மனியை அழுத்தினான்.
எனக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.
நெல்தா காலாமா சுரங்கத்துக்குச்
சமையல் வேலைக்குப் போனதிலிருந்து
இரண்டாம் குரலின் இடம் காலி.
அவள் எப்போதும் என் மூச்சுக்கு
அரைக் கணம் பிந்தித்தான் மூச்செடுப்பாள்.
இவர்கள் இருவரும்
என்னோடே மூச்செடுத்தார்கள்,
நான் இருமியபோது
இசைவாக இருமினார்கள்.

அதிலேயே சுருதி திருத்தும் பொத்தான்.
என் வால்ஸில் மூன்றாம் அடியின் கடைசிச் சொல்லைக்
கொஞ்சம் தாழ்த்தி விடுவேன்,
சரிவில் வண்டியை நிறுத்துகிறவன்
சக்கரத்தை நடைபாதைக் கல்லில் சாய்ப்பதுபோல.
பெட்டி அதன் காலரைப் பிடித்துத் தூக்கிக்
காலை வணக்க வரிசையில் நிறுத்தியது.
அணைத்துவிட்டேன்.

மிதிகளுக்கு இடையே இரண்டு விரல் இடம்.
நானோ ஆலையிலிருந்து நேராக
ரப்பர் பூட்ஸோடு மேடை ஏறுகிறவள்.
ஒன்றை மிதித்தால் மூன்றும் விழித்துக்கொள்ளும்,
குகைக்குள்ளிருந்து ரோபோ
தொலைபேசியில் அழும்.

இரண்டாவது பழையது, விலை மலிவு.
ஊரூராகப் பிரசங்கம் செய்த ஒருவர்
விற்றுவிட்டுப் போனதாம்.
அவர் வைத்த அமைப்பு அப்படியே உள்ளே கிடக்க,
என் "ஒன்று... இரண்டு..."
இறுதித் தீர்ப்புக்கு ஆள் கூப்பிட்டது.
தவிர, ஒரு மிதி ஒட்டிக்கொள்கிறது.
போனால் திரும்பி வராது.

மூன்றாவது தகரம், சோப்புக்கட்டி அளவு.
இரண்டே திருகு:
ஒன்று எதிரொலிக்கு, ஒன்று அறைக்கு.
பார்க்க அழகில்லை.
பாடினேன்.
என் குரலுக்குப் பின்னால் யாரோ
ஒரு ஜன்னலைத் திறந்தார்கள்,
அவ்வளவுதான்.
அந்தக் கடைசிச் சொல் எங்கே சாய்ந்ததோ
அங்கேயே கிடந்தது.

ஐம்பத்தெட்டாயிரம்.
அடாப்டர் ஒன்பது
(பேட்டரி இந்தக் குளிரில்
இரண்டு பாட்டுக்குள் செத்துவிடும்).
ஆறு மீட்டர் கேபிள் பதினாலு.
மீதிக் காசில் டாக்ஸியும்
ஒரு வறுத்த எம்பனாடாவும்.

அன்றிரவு தீயணைப்புத் தொண்டர் மன்றம்,
புதுக் குழாய்க்கு நிதி சேர்க்கும் நடனம்.
மூன்றாம் மேசையோடு விழுந்துவிடும் என் குரல்
கடைசிச் சுவர்வரை போய்த்
தொப்பிகளைத் தொட்டுவிட்டு வந்தது.

இடைவேளையில் குலுக்கல்.
பரிசு, முழு ஆட்டுக்குட்டி.
"யாஸ்னா, நீயே வாசி" என்றார்கள்.
மிதியை அணைக்க மறந்துபோனேன்.

"எண் நாற்பத்தேழு"
ஏழு... ஏழு... ஏழு...

கூடம் உறைந்தது.
மூலையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.
யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.
மருந்துக்கடை ஓஸ்வல்தினா
சீட்டை நெஞ்சோடு அணைத்தபடி
அழைக்கப்பட்டவளைப் போல,
மெல்ல, மிக மெல்ல,
ஆட்டை நோக்கி நடந்து வந்தாள்.

என் பாட்டைப் பற்றி
ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அடுத்த மாதக் குலுக்கலுக்கும்
வரச் சொன்னார்கள்,
அதே பெட்டியோடு.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
நகப்பூச்சால் திருகின்மேல் புள்ளி வைத்தேன்:
சிவப்பு, பாட்டுக்கு.
காயட்டும் என்று ஊதிவிட்டு
யோசித்தேன்.
வெகுதூரம் தள்ளி, கடைசிக் கோட்டருகே,
ஒரு வெள்ளைப் புள்ளி
ஆட்டுக்கு.