இரண்டு மாத்திரை மீதி

எல்டோரெட் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாவது கதவு என் மருந்துக்கடை.
ஓடுகிறவர்கள் வருவார்கள்.
செம்மண் படிந்த குதிகாலை வாசலில் தட்டிவிட்டு
உள்ளே வருவார்கள்.
மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும்;
மலை ஏறி வந்தும் அவர்களுக்கு வாங்காது.

செவ்வாய்க்கிழமை ஜெமேலி வந்தாள்,
கையில் ரத்தப் பரிசோதனைத் தாள்.
இரும்புச் சேமிப்பு: ஒன்பது.
கடைசி மேட்டில்
கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிடுகின்றன என்றாள்.
கீரை தின்கிறாயா?
தினமும்.
சாப்பாட்டோடு தேநீர்?
மூன்று கோப்பை. சிரித்தாள்.
தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வை என்றேன்.
அந்த யோசனையில் எனக்கு ஒரு ஷில்லிங்கும் லாபமில்லை.

லாபம் மேல்தட்டில் இருந்தது.
தங்க டப்பாக்கள். சிங்கம். மின்னல்.
கழுத்தே இல்லாத ஆண்கள்.
ஒன்றை இறக்கி அவள் முன் வைத்தேன்,
பழக்கதோஷம்.

சிங்கத்தை அவள் பார்க்கவில்லை.
டப்பாவைத் திருப்பினாள்.
அரிசியில் கல் பொறுக்கும் விரல்
எழுத்தெழுத்தாக ஊர்ந்தது.
"தனிச்சிறப்புக் கலவை, ஆறு மூலிகைகள்."
எது எவ்வளவு?
எழுதவில்லை.
எங்கே செய்தது?
ஓர் அஞ்சல் பெட்டி எண் மட்டும்.
தொகுதி எண்?
விலைச் சீட்டை நகத்தால் உரித்துப் பார்த்தாள்,
அடியில் வெறும் தகரம்.
அப்புறம் கொட்டை எழுத்தில்:
"ஊக்கமருந்து அறவே இல்லை!"
யாராவது கேட்டார்களா?
அப்பன் குதிருக்குள் இல்லை என்று
டப்பா தானாக முன்வந்து சொல்கிறது.

ஜெலகாட்டைத் தெரியுமா என்றாள்.
தெரியும்.
நான்கு ஆண்டுத் தடை.
இடென் முச்சந்தியில் இப்போது உருளைக்கிழங்கு விற்கிறாள்,
காலையில் குழு ஓடிக் கடக்கும்போது
சாக்கைப் பிரிக்கக் குனிந்துகொள்வாள்.
பொடியில்தான் இருந்தது என்று
எழுதிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள்.
பொடி எங்கே என்று கேட்டார்கள்.
டப்பாவைக் கழுவி
சர்க்கரை போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் பொடி எந்தக் கடையில் வாங்கியது என்று
ஜெமேலி சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கீழ்த்தட்டில், தும்மல் மருந்துகளுக்கு நடுவே,
ஒரு வெள்ளைக் குப்பி.
படமில்லை, வாக்குறுதியில்லை.
ஓர் உப்பின் பெயர், அதன் அளவு,
மாத்திரையை இறுக்கிப் பிடிக்கும் மாவின் பெயர்கூட.
தொகுதி எண்,
வெளியார் ஆய்வகம் ஒன்றின் முத்திரை.
தங்க டப்பாவைவிட இருநூறு கூடுதல்.

முத்திரையை எந்த அச்சகத்திலும் போடலாம் என்று
கைபேசியை எடுத்தாள்.
ஆய்வகத்தின் பட்டியலில் எண்ணைத் தட்டினாள்.
திரையில் வட்டம் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
இருவரும் குனிந்து பார்த்தோம்,
பால் பொங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி.
வந்தது. அதே எண், அதே மாதம்.
அப்போதும் தலையசைத்தாளே தவிர
நம்பிவிட்டேன் என்று சொல்லவில்லை.

பணத்தை எண்ணி வைத்தாள்.
ஓர் உறை கேட்டாள்.
அறுபதில் இரண்டை அதில் போட்டு ஒட்டி,
தேதியும் எண்ணும் எழுதி,
ஒட்டிய இடத்தில் என் கையெழுத்தை வாங்கினாள்.
ஐம்பத்தெட்டு ரத்தத்துக்கு.
இரண்டு, யாராவது கதவைத் தட்டும் நாளுக்கு.
இருபது வருஷமாக மருந்து விற்கிறேன்,
விழுங்குவதற்கில்லாத மாத்திரையை
அன்றுதான் விற்றேன்.

தங்க டப்பாவை மேலே ஏற்றி வைத்தேன்.
குப்பையில் போட்டேன் என்று எழுத ஆசைதான்.
கடை வாடகை ஐந்தாம் தேதி.

சாயங்காலம் ஒரு பையன் வந்தான்,
புதுக் காலணி, பதினேழு வயதிருக்கும்.
சிங்கத்தைக் காட்டினான்.
கொடுப்பதற்கு முன்
பின்பக்கம் திருப்பிப் பார் என்றேன்.
திருப்பினான்.
நெடுநேரம் தேடினான்.
விலை எங்கே போட்டிருக்கிறது என்றான்.