அபராதம் மூழ்கிய இரவு

கால்வாய்ச் சுவரில் மாநகராட்சி
மேலிருந்து கீழாக எழுதி வைத்தது:
இங்கே
குப்பை
கொட்டாதீர்
மீறினால் அபராதம்.

ஓட்டேரி நல்லாவை அளக்க
எங்கள் தெருவிடம் வேறு அளவுகோல் கிடையாது.

ஒன்பது மணிக்கு முபாரக்
குடையோடு போய்வந்து சொன்னான்:
"அபராதம் முழுகிடுச்சு."
யாரோ சிரித்தார்கள்.
பத்தரைக்கு அதே ஆள் சிரிக்கவில்லை.

கோட்டீஸ்வரி ஃப்ரிட்ஜின் அடியில்
மூன்றாவது செங்கல்லைச் செருகுகிறாள்.
நான் முட்டுக்கொடுத்துத் தூக்குகிறேன்.
மே மாதம் இதே தெருவில், லாரித் தண்ணீருக்கு,
இரண்டு குடம், இரண்டே குடம்,
ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்திருந்தோம்.

பீரோவின் கீழ்த்தட்டு கட்டிலுக்கு ஏறிவிட்டது:
ஸ்கேன் ரிப்போர்ட், பள்ளிச் சீருடை,
அடகுச் சீட்டு,
எந்த போனுக்கென்றே தெரியாத ஒரு சார்ஜர்.

கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள்.
இருட்டில், கழிவறைக் கோப்பைக்குள்
கொப்பளிக்கிற சத்தம்.
வாசலில் மணல்மூட்டை அடுக்கிவிட்டு
வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம் நாங்கள்.

"டார்ச் அடிச்சுப் பாருடா. கொட்டாதீர்?"
"ரெண்டு புள்ளி மட்டும் தெரியுதுக்கா."

மாடியிலிருந்து ஜெர்லின் சாவியை வீசினாள்.
"மேல வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேணாம்."

நாலு மணிக்கு மழை விட்டது.
தண்ணீர் விடவில்லை.
கடல் வாங்க மாட்டேங்குதாம்.
ஜெர்லின் வீட்டு ஜன்னலிலிருந்து
பதினோரு பேர் எட்டிப் பார்க்கிறோம்.
விடிகிற வெளிச்சத்தில்
கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது:
இங்கே
குப்பை