மூன்று தீக்குச்சி

கிளப்பில் சனிக்கிழமை நடனத்துக்கு
ஒன்பது வருடம் வாசித்தவன் நான்.
கோட்டு கிளப்புடையது, விரல்கள் என்னுடையவை.
தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போன வருடம்
துரைமார் பெட்டி கட்டினார்கள்.
ஆறு மாதச் சம்பளப் பாக்கிக்குச்
செக்கரட்டரி மூலையைக் காட்டினார்:
"இன்னாசி, இதைக் கொண்டு போ."

பியானோவைக் கொண்டு போவதென்றால்
எட்டுப் பேர், இரண்டு வடம், ஒரு கொழுந்து லொறி.
வளைவுக்கு வளைவு
தானாகவே முனகிக்கொண்டு வந்தது.
பண்டாரவளையில் இறக்கிய கிழமையே
பல் வைத்தியர் ஒருவர் மகளுக்கு வாங்கிப் போனார்.
எண்ணிப் பார்த்தேன்.
மூன்று வருட வாசிப்பு அந்தக் கட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கே வாசிப்பது.
பங்களா பங்களாவாக ஏறி இறங்கினேன்.
எலிக்கூடு, காலிக் குளிசைப் போத்தல்,
ஒரு துரைசானியின் பொய்ப்பல்,
எல்லாம் கட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்தேன்.
கறையானுக்கு மண்ணெண்ணெய்,
பனிக்கு உள்ளே எரியவிட்ட ஒரு பல்ப்,
மஞ்சளித்த தந்தத்துக்குத் தயிர்.
விலை சொல்லும்போது முகம் பார்க்கக் கூடாது,
இது கிளப்பில் கற்றது.

அப்புத்தளை மடத்துக்கு விற்றதில்
ஒரு எஃப் ஷார்ப் நிற்கவில்லை.
ஆணி மூன்றும் பலகைக்குள் ஆடின.
மூன்று தீக்குச்சி செருகி இறுக்கி
நானே ஒரு வால்ஸ் வாசித்துக் காட்டினேன்.
சிஸ்டர் பெர்னதெத் கைதட்டினார்.
அந்த மலைப்பனிக்குத் தீக்குச்சி
பத்து நாள் தாங்கியிருக்கும்.
கடிதம் ஒன்றும் வரவில்லை.
நல்லது என்று இருந்துவிட்டேன்.

எண்பத்து மூன்று ஆடியில் கடையைக் கொளுத்தினார்கள்.
மூன்றாம் நாள் போனபோது மரம் என்று எதுவுமில்லை.
ஐந்து இரும்புச் சட்டங்கள்
கம்பி சுருண்டு, சாம்பலில் நின்றுகொண்டிருந்தன.
பழைய இரும்புக்காரன் நிறுத்துக் காசு தருவதாகச் சொன்னான்.
கொடுக்கவில்லை. ஏனென்று அப்போது தெரியாது.

திரும்பத் திறந்து நாலாம் வருடம்
கணக்கப்பிள்ளை மகள் ஒருத்தி வந்தாள்.
வாசித்துப் பார்க்கவா என்றாள்.
நன்றாகத்தான் வாசித்தாள். ஆனால்
உடைந்த படியைத் தாண்டும் கால் போல
ஓரிடத்தில் விரல் தாண்டியது.
மறுபடியும். அதே இடம்.
எந்த ஸ்கூல் என்று கேட்டேன்,
கேட்கத் தேவையில்லை.
"அந்தக் கட்டைக்குச் சுகமில்லை,
அதைத் தொடாமல் வாசியுங்கள் என்பார் சிஸ்டர்."

பதினோரு வருடத்துப் பிள்ளைகள்.
கணக்குப் போடத் தொடங்கி நிறுத்தினேன்.

அன்றிரவு முதல் சட்டத்தின் கரியைச் சுரண்டினேன்.
ஒலிப்பலகைக்கு நுவரெலியா சைப்ரஸ்,
கூட்டுக்குப் பலா,
ஆணிப் பலகைக்கு மட்டும் பாலை மரம்,
குறுக்கும் நெடுக்குமாக ஆறு அடுக்கு.
சுத்தியலுக்கு ஃபெல்ட் கிடைக்காமல்
மலையில் மழைக்குப் போடும் கறுப்புக் கம்பளியை
வெந்நீரில் மிதித்து மிதித்து இறுக்கினோம்
நானும் செபஸ்தியம்மாவும்.
"உங்க பியானோவில ஆட்டு நாத்தம்" என்றாள்.
முதலாவது வெடித்தது.
இரண்டாவதன் கீழ்ச்சுரம் தகரப் பீப்பாய்.
மூன்றாவதைப் பற்றிச் சொல்லமாட்டேன்.
நாலாவதை லொறியில் ஏற்றினோம்.

சிஸ்டருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.
உட்கார்ந்து ஒரு மாதா பாட்டு வாசித்தார்.
தாண்டினார்.
"சிஸ்டர், இதில் மிதிக்கலாம்" என்றேன்.
விரலை அதன் மேல் வைத்து
அமுக்காமலே என்னைப் பார்த்தார்.
"எட்டாம் நாளே குச்சி விழுந்துவிட்டது, இன்னாசி."
பிறகு ஏன் எழுதவில்லை என்று
எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்:
"அன்றைக்கு நீ வாசித்தாயே,
அதற்குக் கொடுத்த காசென்று வைத்துக்கொண்டேன்."

அமுக்கினார். கேட்டுக்கொண்டிருந்தார்.
அது அடங்கும்வரை ஒருவரும் பேசவில்லை.
வாசலில் எட்டுப் பேரும்
வடத்தைப் பிடித்தபடி நின்றார்கள்.

பிறகு விலை கேட்டார்.
சொன்னேன்.
அதிகம் என்றார்.