பட்டியலில் பதினேழாவது

பிரிவதென்று முடிவானதும்
வெனியமின் ஒரு பட்டியல் போட்டான்.
மரவீடு அவனுக்கு.
தோம் நதிக்கு அக்கரையில் இருந்த துண்டு நிலம் எனக்கு.
குளியல் கொட்டகையை இரண்டாக வெட்ட முடியாது,
அதனால் அவனுக்கு;
ஈடாகத் தையல் இயந்திரம்,
கால் ஆடுகிற மேசை.
பதினேழாவது வரியில்:
தேன்பெரிச் செடி, இரண்டு.
ஆளுக்கு ஒன்று.

அவனுக்கு நியாயம் என்றால் எண்ணிக்கை.

செப்டம்பரில் தோண்டினோம்.
வசந்தத்தில் அதைத் தொடக்கூடாது,
பனி முழுதாய் உருகுமுன்னே
விழித்துக்கொள்ளும் அவசரக்காரி.
வேர்மண் உதிராமல் பழைய போர்வையில் சுருட்டி
(போர்வை பட்டியலில் இல்லை)
இன்னோகென்டியின் வண்டியில் ஏற்றினேன்.
மண்வெட்டியைத் துடைத்தபடி வெனியமின்
"பட்டை உரியும், பயப்படாதே.
நோயில்லை, அதன் சுபாவம்" என்றான்.
பதினோரு வருஷத்தில் அவன் எனக்குச் சொன்ன
மிக நீளமான ஆறுதல் அதுதான்.

அந்தக் குளிர்காலம்
பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு.
வாளியில் மறந்த தண்ணீர் வாளியைப் பிளந்தது.
பக்கத்துத் தோட்டத்து ஆப்பிள் மரம்
நடுராத்திரியில் துப்பாக்கிபோல் வெடித்தது.
என் செடி மட்டும்
குச்சிக் கைகளைப் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு
காதில் விழாதமாதிரி நின்றது.

மே மாதம் பூத்தது.
வெளிர்மஞ்சள், சோடி சோடியாக,
தலைகுனிந்த சின்ன ஊதுகுழல்கள்.
மூன்றாம் நாள் உறைபனி.
ஒரு பூகூடக் கருகவில்லை.
கம்பளி போர்த்திய குண்டுத் தேனீக்கள்
நுழைந்து பார்த்துவிட்டுப் போயின.
பிறகு எல்லாம் உதிர்ந்தது.
காய் இல்லை.

அடுப்புச் சாம்பல் போட்டேன். இலைமக்கு போட்டேன்.
அடுத்த மே, பூ. தரையில் பூ.
அதற்கடுத்த மே
ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி.
"உன்னுடையது காய்க்கிறதா?"
"பூக்கிறது."
"என்னுடையதும்."
கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்.

நாற்றுப்பண்ணை கபிதோலினா சிரித்துவிட்டாள்.
தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனமாம்.
அருகில் வேறு ரகம் ஒன்று நிற்கவேண்டுமாம்.
இரண்டை இரண்டால் வகுத்தால்
பூஜ்யம் வருகிற செடி.
புது நாற்று முந்நூற்றைம்பது ரூபிள்,
காய்க்க மூன்று வருஷம்.
பணப்பையைத் திறந்தேன், மூடினேன்.

மறுநாள் பூத்த கொப்பு நான்கை வெட்டி
ஊறுகாய் ஜாடித் தண்ணீரில் நிறுத்தி
முப்பத்தொன்றாம் எண் பேருந்தில்
மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
நடத்துநர் பெண் எண்ணிப் பார்த்தாள்.
"நான்கா? இரட்டைப்படை இறந்தவர்களுக்கல்லவா?"
"ஒரு செடிக்கு" என்றேன்.
ஜாடியோடு ஏறிய தேனீ ஒன்று
பாலம் வரை கூட வந்து
சன்னல் வழியே இறங்கிக்கொண்டது.

வெனியமின் இளைத்திருந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை, கயிறு கொண்டுவந்தான்.
அவன் செடியின் நடுவே ஜாடியைக் கட்டினோம்.
பதிலுக்கு எனக்கும் நான்கு கொப்பு வெட்டித் தந்தான்,
இரண்டு முறை எண்ணி.

ஜூன் கடைசியில்
இலைக்கு அடியே
விரல்நுனி நீளத்தில் நீலம்,
மேலே மாவு பூசியதுபோல் ஒரு வெளிறல்.
நீலமானதும் பறித்தால் உள்ளே பச்சை.
பறவைகளுக்கு வலை கட்டிவிட்டுப்
பத்து நாள் பொறுத்தேன்.
கடித்தால் அடர்சிவப்பு,
புளிப்பு, பின்னால் இனிப்பு, கடைசியில் ஒரு துளி கசப்பு.
சோடிப் பூ இரண்டுக்கும் சேர்த்து
ஒரே பழம்.

நாங்கள் மறுபடி சேரவில்லை.
கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.
மே மாதத்தில் ஒருநாள்
முப்பத்தொன்றாம் எண் பேருந்து, அவ்வளவுதான்.

போன வாரம் ஜாடியைத் திருப்பி அனுப்பியிருந்தான்,
கழுவி, மூடி இல்லாமல்.
மூடி தன்னுடையதாம்.
பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டாவது வரி.
உண்மைதான்.