கணக்கில் வருமா

வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்.
ஃப்ளீட்வுட்டில் மழை பக்கவாட்டில்தான் பெய்யும்.
இருபத்தெட்டு ஜோடி ஈரக் காலுறைகள்
ரேடியேட்டரைப் பார்த்து நீண்டிருக்க
அறை முழுக்க வேகவைத்த கோட்டின் வாசம்.
கால அட்டவணையில் இந்த வகுப்புக்கு
வாய் வலிக்கிற நீளத்தில் ஒரு பெயர் உண்டு.
பிள்ளைகள் அதைப் 'பெட்டி' என்பார்கள்.

என் மழைக்கால பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டி அது.
மேலே கத்தியால் கீறிய வாய்.
பக்கவாட்டில் டாம்சின் வரைந்த ஊதா ஆக்டோபஸ்,
கைகள் ஒன்பது.
விதி இரண்டே இரண்டு.
பெயர் எழுதக் கூடாது.
எழுதியது யாரென்று தேடக் கூடாது, நானும்தான்.

மீன் அழுதால் எப்படித் தெரியும்?
(கோரியின் அப்பாவுக்கு மீன் மார்க்கெட்டில் வேலை.
நான் தேடவில்லை.)
பல் விழுந்த இடத்துக்கே
நாக்கு ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?
சிநேகிதத்தை நிறுத்த எழுதிக் கொடுக்க வேண்டுமா?
இதற்குப் பத்து நிமிடம் போனது.
வாயால் சொன்னால் போதும் என்றது ஒரு கட்சி.
இரண்டு வாரம் முன்னறிவிப்பு தேவை என்றாள் டாம்சின்.
அவள் அம்மா நகராட்சி அலுவலகத்தில் இருக்கிறார்.

நான்காவது சீட்டு எட்டாக மடித்திருந்தது.
பச்சை மை.

ரெண்டு பேர் கத்துறாங்க.
என்னைப் பார்த்துக் கத்தலை.
அப்போ அது கணக்கில வருமா?

வகுப்பில் பச்சைப் பேனா ஒன்றுதான்.
லாக்லனுடையது.
ஜன்னல் கொண்டியைப் பார்த்துக்கொண்டே படித்தேன்,
மீனுக்குப் படித்த அதே குரலில்
படித்துவிட்டதாகத்தான் நினைக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சிக் கையேட்டில் இதற்கொரு பத்தி இருக்கிறது.
நல்ல பத்தி. இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.
அது ஞாபகம் வரவில்லை.
வந்தது ப்ரெஸ்டனில் ஒரு மாடிப்படி,
மேலிருந்து நான்காவது,
கம்பளம் தேய்ந்த இடத்தில்
விரலால் நூலைப் பிரித்துப் பிரித்து
ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டையாக்கியது.
ரூபாய் இல்லை, பென்னி. பழைய பெரிய பென்னி.

"வரும்" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
"சுவர் வழியாக வந்தாலும் வரும்.
டிவியைக் கூட்டி வைத்திருந்தாலும் வரும்.
மறுநாள் காலை
ஒன்றும் நடக்காத மாதிரி
எல்லோரும் டோஸ்ட் தின்றாலும் வரும்.
அதை நிறுத்துவது உங்கள் வேலை இல்லை.
சொல்வது மட்டும் செய்யலாம்.
என்னிடம். மிஸஸ் த்ரெல்ஃபாலிடம்.
சாப்பாட்டு அறை லிண்டனிடம்கூட."

ஒரு பென்சில் உருண்டு விழுந்தது.
குனிந்து எடுக்க ஆளில்லை.
"கதவை மட்டும் அறைஞ்சா?" என்றான் ஆஷ்டன்,
கையைத் தூக்காமல்.
"அதுவும்."

ஐந்தாவது சீட்டு,
கண்ணைத் திறந்துகொண்டே தும்ம முடியுமா?
அப்பாடா.
இருபத்தெட்டு பேரும் தும்மிப் பார்த்தார்கள்,
மூக்கில் காகித நுனியை விட்டு.

மூன்றேகால். மணி.
லாக்லன்தான் முதலில் ஓடினான்,
சாப்பாட்டு டப்பாவைச் சுழற்றிக்கொண்டு,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவன் மேசையில் பச்சைப் பேனா
மூடி இல்லாமல் கிடந்தது.
காலையிலிருந்து அதை எத்தனை பேர்
இரவல் வாங்கினார்களோ.

நான் பலகையை அழித்துத் திரும்பியபோது
வெரோனிகா தன் நாற்காலியை மேசைமேல் ஏற்றியிருந்தாள்.
பிறகு பக்கத்து நாற்காலியை.
பிறகு அந்த வரிசை முழுவதையும்.
ஆஷ்டன் குனிந்து
ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.
அது வெல்க்ரோ ஷூ.
டாம்சின் பெட்டியருகே நின்று
ஆக்டோபஸின் கைகளை எண்ணினாள்.
எட்டு வரை வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

மிஸஸ் த்ரெல்ஃபாலுக்கு ஆள் அனுப்பினேன்.
மேசை இழுப்பறையில் நீலப் படிவங்கள்
நிறைய இருந்தன, எப்போதும் இருப்பவைதான்.
யார் முதலில் என்று கேட்கவில்லை.
வெரோனிகா ஏற்றிய நாற்காலிகளில்
மூன்றைத் திரும்ப இறக்கினேன்,
ஒன்றுக்கொன்று காது கேட்காத தூரத்தில்.