மீதி ஐந்து

அமைச்சகத்தின் கடிதம் மூன்று வாரம் பழசாகி வந்தது,
லாரி ஓட்டுநரின் சட்டைப்பையில் மடிந்து,
வியர்வையில் முத்திரை கலங்கி.
"மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளும்
முதல் தேதி திறக்கப்படும்."
திறக்கப்படும். யாரால் என்று இல்லை.
செயப்பாட்டுவினையில் எழுதுகிறவர்களுக்குக்
கை வலிப்பதில்லை.

கஸ்ஸலா, கிழக்குத் தொகுதி, பெண்கள் தொடக்கப்பள்ளி.
அறைகள் எட்டு. குடும்பங்கள் அறுபத்தொன்று.
நாற்காலிக்கு வருமுன் இருபது வருடம்
கணக்கு நடத்தியவள் நான்.
வகுப்பு என்றாலே வகுத்தல்தானே.
ஏழெட்டு ஐம்பத்தாறு,
மீதி ஐந்து.
மீதி வேப்பமரத்தடியில் படுக்கிறது.

கார்ட்டூமிலிருந்து வந்தவர்கள், சின்ஜாவிலிருந்து வந்தவர்கள்.
சிலருக்கு இது மூன்றாவது ஓட்டம்.
மூன்றாம் வகுப்பு ஆ பிரிவில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது.
வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
காவலாளி அதரோப் எழுதி வைத்திருந்தான்:
தஸ்னீம். வயது: இன்று.

நூற்றுப்பத்து பெஞ்சில் நாற்பது இருந்தது.
"மற்றது?"
அதரோப் அடுப்புப் பக்கம் பார்த்தான்.
அவன் பார்த்த இடத்தை நான் பார்க்கவில்லை.
சொத்துப் பதிவேட்டில் எழுதினேன்:
தேய்மானம்.

ஊர்ப் பெற்றோர் அலுவலகத்தில் திரண்டார்கள்.
"எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்துபோச்சு, உஸ்தாஸா.
அவர்களுக்குத்தான் ஊருக்கு வெளியே கூடாரம் இருக்கிறதே."
இருக்கிறது.
போன மழையில் காஷ் ஆறு
அங்கே ஓர் இரவு படுத்து எழுந்து போனது.
பேசியவள் இஃதிமாத், என் பழைய மாணவி,
வாய்ப்பாட்டில் ஒருபோதும் தவறாதவள்.
இப்போதும் அவள் சொன்னதில் தப்பில்லை.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

காலி செய்யும் உத்தரவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
விடியுமுன் போனேன்.
குழாயடியில் காபிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள் ரிஹாப்,
ஓம்துர்மானில் மருந்துக்கடை வைத்திருந்தவள்.
நான் வாய் திறக்குமுன் கேட்டாள்:
"பள்ளி எத்தனை மணி நேரம்?"
ஏழிலிருந்து பதினொன்று, என்றேன்.
"நாலு மணி நேரம் வெயிலில் நிற்போம்.
எங்களுக்கு இரவை விட்டுவிடுங்கள்."

கைப்பை அப்படியே மூடிக் கிடந்தது.

ஆறு மணிக்குக் கட்டில்களைச் சுவரோரம் நிமிர்த்த வேண்டும்.
சட்டிபானை ஜன்னலுக்குக் கீழே.
கரும்பலகையின் இடது மேல் மூலையை அழிக்கக் கூடாது,
அது மாவு வாங்க வேண்டியவர்களின் பட்டியல்.
அரபி ஆசிரியை பத்து மாதமாகச் சம்பளம் இல்லாதவள்,
சந்தையில் தேநீர் விற்றுவிட்டு ஒன்பதுக்கு வருவாள்.
அதுவரை கணக்கு. நானே எடுப்பேன்.

சேர்க்கைக்கு வந்த ஒருத்திக்குச் சான்றிதழ் இல்லை,
அவள் பள்ளியும் இல்லை.
தேர்வு எண்ணை மட்டும் ஒப்பித்தாள்
கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து இலக்கம்,
பிறகு திரும்பவும், நான் கேட்காமலே.
விதியில் இதற்கு இடமில்லை.
பேனாவில் மை இருந்தது.

முதல் நாள் இருநூற்றுப் பதினான்கு பேர்.
இஃதிமாத்தின் மகளும்
ரிஹாபின் மகனும் ஒரே பெஞ்சு.
பெண்கள் பள்ளியில் பையனா என்று யாரும் கேட்கவில்லை;
ஒரு பென்சிலுக்குச் சண்டை மட்டும் நடந்தது.
வெளியே வெயிலில் தாய்மார்
நிழல் நகர நகர நகர்ந்தார்கள்.

மாலை அமைச்சகத்துக்கு அறிக்கை.
குடும்பங்கள் வெளியேற்றப்பட்டனவா என்றொரு கட்டம்.
அதைத் தாண்டி,
"பள்ளி திறக்கப்பட்டது" என்று எழுதினேன்.
யாரால் என்று எழுதவில்லை.
அந்த வினைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு:
ஆளை ஒளித்துவைக்கும்.

நாளை மேற்குத் தொகுதி.
அறைகள் பன்னிரண்டு, குடும்பங்கள் நூற்று நாற்பது.
மீதி எட்டு.
அங்கே மரம் இல்லை.
ரிஹாபும் இல்லை.