அரைச் செங்கல் சுவர்

என் பையில் ரசீதுப் புத்தகம்,
கார்பன் தாள் மூன்று, அளவு நாடா ஒன்று.
பாட்டை நாடாவால் அளக்கிறவள் நான்.
சதுர அடிக்கு இவ்வளவு,
நாற்காலிக்கு இவ்வளவு,
ஏ.சி. இருந்தால் அதற்கு மேல்.

அயனாவரத்தில் சலூன்காரர் கேட்டார்:
"எனக்காகத்தான் போட்டுக்கிறேன் மேடம்.
முடி வெட்ட வர்றவன் காதுல
பஞ்சா வைக்க முடியும்?"
அவர் மகன் சிரித்தான். கத்தரிக்கோலும்.
நான் சிரிக்கவில்லை;
சிரித்தால் தள்ளுபடி கேட்பார்கள்.

"பாட்டுக்குக் காசு, நாளைக்குக் காத்துக்கா?" என்கிறார்
கொளத்தூர் மண்டபத்து மேனேஜர்.
ஜெனரேட்டருக்குத் தனி, குப்பை அள்ளத் தனி,
எச்சில் இலை எடுக்கத் தனி என்று
பில் போடுகிறவர்.

திட்டு வாங்கிய சாயங்காலங்களில்
வடபழனி மாடிப்படி ஒன்றை நினைத்துக்கொள்வேன்.
போன ஆடியில் காசோலை கொடுக்கப் போனேன்.
பாட்டெழுதியவர் போட்டோவில் இருந்தார்,
மாலை பிளாஸ்டிக்.
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
கனகவல்லி அம்மாள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
இரண்டு தரம் படித்தார்.
"எந்தப் பாட்டுக்கும்மா?"
தாளில் பாட்டின் பெயர் இல்லை,
பதினோரு இலக்க எண்.
சொன்னேன்.
எண்ணை வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்,
மெட்டுக்கு உட்காருகிறதா என்பதுபோல.
கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பித் தர மறந்தார்.
நான் கேட்கவில்லை.

சட்டத்தில் ஒரு வாசற்படி உண்டு.
அதைத் தாண்டி உள்ளே போய்விட்டால்
யாரும் உன்னைக் கேட்க முடியாது.
நைட்டியோடு கேட்கலாம்,
நூறு தரம் கேட்கலாம்,
கூடவே தப்பாகப் பாடலாம்,
அழலாம். ரசீது கிடையாது.

ஆனால் சட்டம் எழுதியவர்
ஓட்டேரி ஹவுசிங் போர்டில் குடியிருந்ததில்லை.
இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில்
நாலரை அங்குலம்.
அந்தப் பக்கம் ஜரீனா
எவர்சில்வர் சொம்புக்குள் போனை இறக்கி வைத்தால்
சொம்பு ஸ்பீக்கர்,
சுவர் ஸ்பீக்கர்,
என் தாளிப்புக் கரண்டி தாளம்.
அவள் பாட்டுக்கு என் காது.
என் குழம்புக்கு அவள் மூக்கு.

ஜரீனா ஜாக்கெட் தைக்கிறாள்.
லைனிங் வைத்தால் நானூற்றைம்பது.
ஹால்தான் கடை. ராத்திரி அதே ஹால்
மூன்று பேர் படுக்கிற வீடு.
முகூர்த்த மாதத்தில் கட்டிலில்
நாலு பேர் காத்திருப்பார்கள்,
சொம்புப் பாட்டுக்குக் கால் ஆட்டியபடி.
பெடல் ஓடினால் கடை,
நின்றால் வீடா?
பாதிப் பல்லவியில் ஒருத்தி
அளவு ஜாக்கெட்டோடு நுழைந்தால்
மீதிப் பல்லவிக்கு என்ன கணக்கு?
ஒன்பது வருட அனுபவம் எனக்கு.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
நூற்று இருபது சதுர அடி என்று மட்டும்
மனசு அதுவாகவே அளந்து வைத்திருக்கிறது,
பழக்கதோஷம்.

நேற்றுக் காலை தண்ணீர் லாரி வரிசையில்
குடத்தைக் காலால் முன்னே நகர்த்திவிட்டுக் கேட்டாள்:
"பாட்டு சத்தம் தொந்தரவா இருக்காக்கா?
நீங்க வேற அந்த ஆபீஸ்ல..."
மீதியைச் சொல்லவில்லை.
என் தோளில் பை. பைக்குள் நாடா.
வடபழனி ஞாபகமும் வந்தது, அது பொய்யில்லை.
லாரிக்காரன் ஓஸை உதறினான்.

"ராத்திரி ரெண்டாவதா வருதே ஒண்ணு," என்றேன்,
"சரணத்துல மெஷின் போட்டுடுற.
வார்த்தை கேக்கல.
அந்த எடத்துல மட்டும் காலை எடு."